ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சின்

1932 ஏப்ரலில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு கார் விளம்பரம் வந்தது. அந்தக் காலத்துக் கார் விளம்பரங்களில் வழக்கமாக வரும் வண்ண ஓவியமோ மாளிகை வாசலோ அதில் இல்லை. செய்திப் படம் போன்ற ஒரு புகைப்படம்தான் இருந்தது. கோட்டு சூட்டு அணிந்த 57 வயது மனிதர் ஒருவர் புதுக் காரின் முன்பக்கத்தை ஒட்டி நின்று வாசகரை நேராகப் பார்க்கிறார். தலைப்பு: "மூன்றையும் பாருங்கள்!"

நின்றவர் வால்டர் கிரைஸ்லர், கார் அவருடைய பிளிமத். மூன்று என்றால் எவை என்று விளம்பரம் விளக்கவில்லை, விளக்க வேண்டிய தேவையும் இல்லை. விலை குறைந்த கார் என்றாலே அப்போது ஃபோர்டு, செவ்ரோலே, மூன்றாவதாகத்தான் பிளிமத். சொந்தக் காசைக் கொட்டிப் போடும் விளம்பரத்தில் "போட்டிக்காரன் கடைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று சொல்வது அன்றைக்குக் கேள்விப்படாத துணிச்சல். எழுதியவர் ஸ்டெர்லிங் கெட்செல். முந்தைய வருடம்தான் தனி விளம்பர நிறுவனம் தொடங்கியிருந்தார்.

விளம்பர வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தத் தலைப்பைக் கொண்டாடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் தொடர்ச்சி. ஃப்ளோட்டிங் பவர் உள்ள புதிய பிளிமத்தை ஓட்டிப் பார்க்காமல் விலை குறைந்த கார் எதையும் வாங்காதீர்கள் என்று அது சொன்னது. 'மிதக்கும் சக்தி' என்று கேட்டால் சோப்புக்கு வைக்கும் பெயர்போல இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான ஓர் இயந்திர வேலை இருந்தது. அந்த வேலை இல்லாமல் தலைப்பு மட்டும் வந்திருந்தால், மூன்றையும் ஓட்டிப் பார்த்தவன் ஃபோர்டை வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

வால்டர் கிரைஸ்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கான்சஸ் மாநிலத்து ரயில்வே பட்டறையில் தொழில் கற்றவர். 1908இல் சிகாகோ கார் கண்காட்சியில் ஒரு லோகோமொபைல் காரைப் பார்த்து மயங்கினார். விலை 5,000 டாலர். கையில் இருந்தது 700. மீதியைக் கடன் வாங்கி, காரை வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஓட்டாமல் அக்கக்காகக் கழற்றினார். பூட்டினார், மறுபடி கழற்றினார். மாதக்கணக்கில் இதே வேலை. அதன் பிறகுதான் தெருவில் இறக்கினார். பிறகு பியூக் நிறுவனத்தை நடத்தி, மேக்ஸ்வெல் கம்பெனியைத் தூக்கி நிறுத்தி, 1925இல் அதையே கிரைஸ்லர் கார்ப்பரேஷன் ஆக்கினார்.

1928 ஜூலையில் பிளிமத் பிறந்தது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் கரையிறங்கிய பாறையின் பெயர், அவர்களுடைய மேஃபிளவர் கப்பல்தான் சின்னம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். விவசாயிகள் கதிர்க்கட்டு கட்டும் 'பிளிமத்' கயிறு ஏற்கெனவே ஊரெல்லாம் தெரிந்த பெயர், அதனால்தான் வைத்தார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. விலை 670 டாலரிலிருந்து. அந்த விலைக் காருக்கு முதல் நாளிலிருந்தே நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்தார்கள். கம்பி இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக்கில் ஒரு சக்கரம் முந்தும், இன்னொன்று பிந்தும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். குழாயில் அடைத்த எண்ணெயில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். செவ்ரோலே 1936இலும் ஃபோர்டு 1939இலும்தான் இதற்கு வந்து சேர்ந்தன.

ஆனால் கடைத்தெருவில் பேச்சு, எஞ்சினுக்குள் பெட்ரோல் வெடிக்கும் குழல்களான சிலிண்டர்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான். 1929 மாடலில் செவ்ரோலே "நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர்" என்று கூவியது. 1932 மார்ச் கடைசியில் ஃபோர்டு எட்டு சிலிண்டர் வி8 காரையே இறக்கியது. பிளிமத்திடம் இருந்தது நான்கு. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் செலவு குறைவு, பெட்ரோல் குறைவு. குறை ஒன்றுதான்: அது உதறும்.

ஏன் உதறுகிறது? இரண்டு காரணங்கள், இரண்டும் வேறு வேறு.

நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சினில், அவற்றுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்களில் வெளிப்பக்கத்து இரண்டு மேலே போகும்போது உள்பக்கத்து இரண்டும் கீழே வரும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்றுதானே தோன்றும்? இரண்டு உச்சியில், இரண்டு அடியில் இருக்கும்போது நான்கின் சராசரி உயரம் சரியாக நடுவில். இப்போது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். நான்கு பிஸ்டன்களும் ஒரே உயரத்துக்கு வருகின்றன. ஆனால் அந்த உயரம் நடு இல்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்பதால் அதன் எட்டும் தூரம் குறைந்து, நான்கும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கின்றன. அடுத்த கால் சுற்றில் சராசரி மறுபடி நடுவுக்கு வருகிறது. ஆக, கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பிஸ்டன்களின் மொத்த எடை இரண்டு முறை கீழே போய் மேலே வருகிறது. எஞ்சின் தன் இருக்கையில் குதிக்கிறது.

இரண்டாவது, முறுக்கு. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பெட்ரோல் வெடிக்கும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 20 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் உந்துகிறது, எஞ்சினின் உடம்பு எதிர்ப்பக்கம் உந்தப்படுகிறது. எட்டு சிலிண்டரில் வெடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுவதால் முறுக்கு கிட்டத்தட்ட ஓட்டமாகிவிடும். நான்கில் அது குத்து குத்தாகவே வரும். எஞ்சினை வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் ஒவ்வொரு குத்தும் ஸ்டீயரிங், கண்ணாடி, கதவு, உட்கார்ந்திருப்பவரின் பல் வரைக்கும் போகும்.

ரப்பர் வைத்தால் போதாதா? மிக்ஸிக்கு அடியில் ரப்பர் கால் இருக்கிறதே. ரப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பூட்டை நீளமான ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் பூட்டும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் பூட்டு தாறுமாறாகக் குதிக்கும், கை ஆடுவதைவிடப் பல மடங்கு ஆடும். பூட்டும் ரப்பரும் சேர்ந்த சொந்தத் தாளம் அது. அதையும் தாண்டி வேகமாக உதறுங்கள். பூட்டு ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். கை மட்டும் உதறும். எஞ்சின் உதறி கார் சும்மா இருக்க வேண்டும் என்ற தலைகீழ் நிலைமைக்கும் கணக்கு இதேதான். எஞ்சினின் குத்துகள் ரப்பரின் சொந்தத் தாளத்தைவிட நல்ல வேகத்தில் வர வேண்டும். அப்படியானால் ரப்பர் மிகவும் மெத்தென்று இருக்க வேண்டும். அரைகுறை மென்மையில் வைத்தால் குதிக்கும் கட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள எஞ்சினை மெத்தென்ற ரப்பரில் உட்கார வைத்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது தொளதொளவென்று ஆடும். கிரைஸ்லரின் பொறியாளர்கள் ஃபிரெட் சீடர், ஓவன் ஸ்கெல்டன், கார்ல் பிரீர் மூவரையும் சேர்த்தே சொல்வது வழக்கம். அவர்கள் தலைமையில் கண்ட விடையைப் புரிந்துகொள்ள ஒரு துடைப்பக்கட்டை போதும். ஒரு பக்கம் கனமான துடைப்பத்தை எடுத்து, அது நிலையாக நிற்கும் இடத்தைத் தேடி, அங்கே இரண்டு விரலால் பிடித்துச் சட்டென்று இடமும் வலமும் திருப்புங்கள். கை அமைதியாக இருக்கும். கைப்பிடி நுனியைப் பிடித்து அதே மாதிரி திருப்பினால் துடைப்பம் கையை இழுத்து அலைக்கழிக்கும். எந்தப் பொருளும் தன் எடைமையத்தைச் சுற்றித்தான் இயல்பாகச் சுழலும். வேறு இடத்தில் அச்சு கொடுத்தால் அது அச்சோடு மல்லுக்கட்டும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த கட்டிக்கும் அப்படி ஓர் இயல்பான அச்சு உண்டு. முன்பக்கம் எஞ்சின் உயரம், கனம். பின்பக்கம் கியர்பாக்ஸ் தாழ்வு, ஒல்லி. அதனால் அந்த அச்சு முன்னே உயர்ந்து பின்னே சரிந்து போகும். பழைய காரில் எஞ்சினை அதன் அடிப்பக்கத்தில், இருபுறமும் காது வைத்துப் பிடிப்பார்கள். அச்சு ஓரிடம், பிடி ஓரிடம். பிளிமத்தில் இரண்டே இடத்தில் தாங்கினார்கள். முன்னால் வாட்டர் பம்ப்பை ஒட்டி உயரத்தில் ஒன்று, பின்னால் கியர்பாக்ஸ் முடியும் இடத்தில் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் அது எடைமையத்தின் வழியாகப் போகும். இரண்டும் ரப்பர். எஞ்சின் இப்போது தன் அச்சிலேயே தொட்டில்போல இடமும் வலமும் ஆடலாம். எடையைத் தாங்கும் அளவுக்கு ரப்பர் கெட்டியாகவும், முறுக்குக்கு மட்டும் மெத்தென்றும் இருக்கலாம். முதல் கியரில் இழுக்கும்போது ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் பிடிக்க, பக்கவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங் சேஸியோடு சேர்ந்து நின்றது.

பானெட்டைத் திறந்தால் எஞ்சின் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், ஸ்டீயரிங்கில் கை வைத்தால் தெரியாது. உதறல் நின்றுபோகவில்லை, அது போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் உள்ள பிரியமே அதனால்தான். இரண்டு சிலிண்டர் கூட்டிச் செலவைக் கூட்டாமல், இருக்கிற எஞ்சினை எங்கே பிடிப்பது என்று யோசித்தார்கள்.

1931 கோடையில் 'பிஏ' மாடலில் ஃப்ளோட்டிங் பவர் என்ற பெயரில் இது வந்தது, விலை 535 டாலரிலிருந்து. உற்பத்தி வரிசையிலிருந்து இறங்கிய மூன்றாவது காரை வால்டர் கிரைஸ்லர் தானே ஓட்டிக்கொண்டு ஹென்றி ஃபோர்டிடம் போனார், அவருக்கும் மகன் எட்சலுக்கும் காட்டினார், காரை அங்கேயே பரிசாக விட்டுவிட்டு டாக்ஸியில் திரும்பினார் என்று சொல்வார்கள். "எட்டின் மென்மை, நான்கின் சிக்கனம்" என்று விளம்பரம் செய்தார்கள். பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் உரிமம் வாங்கி 1932இல் தன் கார்களில் போட்டு, அதற்கு அடையாளமாக நீந்தும் அன்னம் ஒன்றை வைத்தது.

இப்போது விளம்பரத்துக்குத் திரும்புவோம். 1929இல் அமெரிக்கா சுமார் 44 லட்சம் கார்கள் செய்தது, 1932இல் சுமார் 11 லட்சம். வேலையில்லை, காசில்லை. வாங்குகிறவன் ஒவ்வொரு டாலரையும் எண்ணுகிறான். அவனிடம் கவிதை பேசிப் பயனில்லை. கெட்செல் அவனை ஸ்டீயரிங்கில் உட்காரச் சொன்னார். ரப்பர் மவுண்டிங்கின் அருமை படத்திலோ எழுத்திலோ வராது. சிக்னலில் நிற்கும் காரில் கை வைத்துத்தான் தெரிய வேண்டும். அந்தத் தலைப்பு மூன்று காரிலும் கை வைக்கச் சொல்லி அனுப்பியது. பொறியாளர்கள் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் வேறு இருந்திருக்க முடியாது. சந்தையே சரிந்த அந்த வருடத்தில் பிளிமத்தின் உற்பத்தி ஏறியது. 1933 மாடலுக்கு பிளிமத்தும் ஆறு சிலிண்டருக்கு மாறியது, ரப்பர் தாங்கி அதிலும் தொடர்ந்தது. 1934இல் பத்து லட்சமாவது பிளிமத் வெளிவந்தது. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கிரைஸ்லரின் இன்னொரு காரான டாட்ஜோடு பிளிமத்தையும் பூட்டி விற்றது.

எல்லா விளம்பரத்துக்கும் அடியில் இப்படி ஒரு வேலை இருக்கவில்லை. 1957இல் கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த, வால்பகுதியில் உயர்ந்த இறக்கைகள் வைத்த மாடல் வந்தபோது "திடீரென்று 1960 வந்துவிட்டது!" என்று போட்டார்கள். கார் பார்க்க அப்படித்தான் இருந்தது. முன்சக்கரத்துக்கு முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன், வளைவில் அருமையாக ஓடும். விற்பனையில் இழந்திருந்த மூன்றாம் இடம் அந்த வருடமே திரும்பக் கிடைத்தது. ஆனால் அவசரத்தில் செய்த உடல். தண்ணீர் ஒழுகியது, சீக்கிரமே துரு பிடித்தது. வாங்கியவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள், அந்தப் பேச்சை அடக்க எந்தத் தலைப்பாலும் முடியவில்லை. 1968இல் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து ஒரு கார்ட்டூன் பறவையின் பெயரை வாங்கி, அதன் 'பீப் பீப்' குரலை ஹாரனில் வைத்து, 3,000 டாலருக்குள் ரோடு ரன்னர் என்ற வேகக் காரை விற்றார்கள். அது நன்றாக ஓடியது. அப்புறம் டாட்ஜ் காரையே பெயர் மாற்றி பிளிமத் என்று விற்கும் நிலை வந்தது. பிளிமத்துக்கென்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

2001 ஜூன் 28 அன்று இல்லினாய் மாநிலம் பெல்விடியர் ஆலையிலிருந்து கடைசி பிளிமத் வெளியே வந்தது. நியான் என்ற சின்னக் கார், நான்கு சிலிண்டர். இன்றைக்கு உங்கள் கார் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் உதறினால் மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "மவுண்டிங் ரப்பர் போயிருக்கும் சார்."