இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

ஜாஸ் கலைஞர்களான ஆர்ச்சி ஷெப் சாக்சபோனும் ஹோரஸ் பார்லன் பியானோவும் வாசித்த ‘டிரபிள் இன் மைண்ட்’ என்னும் இசைத்தட்டு, டென்மார்க்கின் ஸ்டீப்பிள்சேஸ் நிறுவனத்துக்காக 1980இல் பதிவானது. டிரம்ஸும் பாஸும் இல்லாத அந்தத் தட்டில் இருப்பவை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் மரபான புளூஸைச் சேர்ந்த பழைய பாடல்கள். அவற்றுள் ஒன்றான ‘பேக்வாட்டர் புளூஸ்’ 1927இல் பெஸ்ஸி ஸ்மித்தின் குரலும் ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோவும் மட்டுமே சேர்ந்து பதிவான பாடல். அந்தக் குரல் இருந்த இடத்தில் இங்கே சாக்சபோன் நிற்கிறது. அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

புளூஸ் பாடகரின் காந்தாரம் (ச, ரி, க வரிசையில் ‘க’) பெரும்பாலும் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ தங்கும், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கி வழுக்கும். பியானோவில் ஏறத்தாழ 261.6 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள நடு ‘சி’யை ஆதார சட்ஜமாகக் கொண்டால், சாதாரண காந்தாரம் 311.1 ஹெர்ட்ஸிலும் அந்தர காந்தாரம் 329.6 ஹெர்ட்ஸிலும் அமையும். பாடகர் தேடும் 320 ஹெர்ட்ஸ் போன்ற சுரத்துக்குப் பியானோவில் விரலால் அழுத்தும் கட்டையே கிடையாது. கம்பியின் முறுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டதால், சுத்தியல் அடித்த பிறகு அந்தச் சுருதியை விரலால் அசைக்க முடியாது.

சாக்சபோனுக்கு இந்தத் தடை இல்லை. அதன் வாய்ப்பகுதியில் கட்டப்பட்ட நாணல் தகடும் கூம்பு வடிவக் குழாய்க்குள் இருக்கும் காற்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அதிர்கின்றன. கீழுதட்டின் அழுத்தத்தைத் தளர்த்தினால் தகடு எளிதில் வளைந்துகொடுக்கிறது. குழாய் சற்றே நீண்டுவிட்டதைப் போன்ற விளைவு உண்டாகிச் சுருதி இறங்குகிறது. நாக்கை வைக்கும் விதமும் தொண்டையைத் திறக்கும் அளவும் இதற்குத் துணை செய்கின்றன. சுருதியை இப்படி இறக்குவது எளிது, ஏற்றுவது கடினம். கீழே தொடங்கி மெல்ல மேலே வந்து சேரும் சுரங்கள் சாக்சபோனில் இவ்வளவு இயல்பாக ஒலிப்பதற்கு இது முக்கியக் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உதட்டைத் தளர்த்தித் தொடங்கிப் பின்பு இறுக்கினால் போதும்.

அப்படியானால் பியானோ என்ன செய்கிறது? வளைக்க முடியாத கலைஞர் காதை ஏமாற்றுகிறார். கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு ஒரே விரலை வழுக்கவிடுவது ஒரு வழி. இரண்டையும் சேர்த்தே அழுத்துவது இன்னொரு வழி. இரண்டாவதில் இரு காந்தாரங்களின் வேறுபாடான 18.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒலி ஏறி இறங்குகிறது. வினாடிக்குப் பதினெட்டு முறை என்பது எண்ணுவதற்கு இயலாத வேகம் என்பதால், அது நமக்குத் துடிப்பாகக் கேட்காமல் ஒரு கரகரப்பாகவே கேட்கிறது. நடுவில் இருக்க வேண்டிய சுரத்தை அந்தக் கரகரப்பு நினைவூட்டுகிறது.

பார்லனுக்கு ஐந்து வயதில் வந்த போலியோ அவருடைய வலது கையைப் பாதித்திருந்தது. ஆகவே அவர் இடது கையை மிகுதியாக நம்பி, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் செறிவான சுரக்கோவைகளால் ஆன ஒரு பாணியை வளர்த்துக்கொண்டார். புளூஸுக்கு அது பொருந்திய விதம் வியப்பானது: பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பதை, பாஸ் வாத்தியம் இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டே இருப்பது அந்த இடது கைதான்.

இன்னொரு வேறுபாடும் இருவருக்கும் உதவுகிறது. பியானோவின் ஒலி, அடித்த கணத்தில் உச்சத்தைத் தொட்டு, முதலில் விரைவாகவும் பின்பு மெதுவாகவும் தேய்கிறது. சாக்சபோனின் ஒலியோ மூச்சு உள்ளவரை நிற்கிறது. நிதானமான பாடல்களில் இதைக் கூர்ந்து கேட்கலாம். சுரக்கோவை விழும்போது ஷெப்பின் வளைந்த காந்தாரம் அதனோடு உரசுகிறது. கம்பிகள் அடங்க அடங்க உரசல் குறைந்து, கட்டை இல்லாத அந்தச் சுரம் மட்டும் தனித்து நிற்கிறது, பார்லனின் கை மறுபடியும் விழும் வரை.