பேரோ: தள்ளுவண்டி அல்ல, மேடு

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி ஏதாவது மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதலில் இடறுகிற ஆங்கிலச் சொல் 'பேரோ' (barrow): பழங்காலத்தார் இறந்தவர்களுக்காக எழுப்பிய மேடு. ('பாரோ' என்று எழுதினால் எகிப்து மன்னன் வந்து நிற்பான்.) அகராதி தள்ளுவண்டியையும் காட்டும், மேட்டையும் காட்டும். எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சொற்கள். வண்டியின் பெயர் 'சுமத்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. மேட்டின் பெயர் பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த சொல். மலைக்கு ஜெர்மானியர் சொல்லும் 'பெர்க்' இதற்கு உறவு. ஆக, பெயரில் சாவே இல்லை. பிரிட்டன் நில அளவைப் படங்களில் வரும் 'டியூமுலஸ்' என்ற லத்தீன் சொல்லும் அப்படித்தான்; வீங்குதல் என்பது அதன் வேர்.

சாவு உள்ளே இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள வெஸ்ட் கென்னட் மேடு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். அதன் உள்ளே கல்லால் கட்டிய அறைகளில் பலருடைய எலும்புகள் கலந்து கிடந்தன. அது புதிய கற்காலத்தது. வட்ட மேடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்திய வெண்கலக் காலத்தவை. ஸ்டோன்ஹெஞ்சுக்குத் தெற்கே இருக்கும் புஷ் பேரோவை 1808-இல் பழம்பொருள் ஆர்வலர்களான வில்லியம் கன்னிங்டனும் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும் திறந்தார்கள். உள்ளே ஓர் ஆணின் எலும்புக்கூடு, மார்பின் மேல் சாய்சதுரத் தங்கத் தகடு. பக்கத்தில் கிடந்த குத்துவாளின் மரப்பிடியில் தலைமயிரைவிட மெல்லிய தங்க ஊசிகளை ஆயிரக்கணக்கில் பதித்திருந்தார்கள். தோண்டியவரின் கரண்டி பட்டதும் அவை நாலாபக்கமும் சிதறின. அவை என்னவென்று அதற்கப்புறம்தான் தெரிந்தது!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பரலுடை மருங்கில் பதுக்கை சேர்த்தி' என்கிறது புறநானூறு (264). பதுக்கை அழகான சொல்தான். ஆனால் அது கல் குவியல். வில்ட்ஷயர் மேடுகளோ பெரும்பாலும் மண்ணும் சுண்ணக்கல் தூளும். அதோடு, நம் தொல்லியலாளர்கள் பலகைக்கல் அறைக்குக் 'கற்பதுக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'கற்குவை' ஸ்காட்லாந்து மேடுகளுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. 'புதைமேடு' பலர் கைக்கு முதலில் வருவது. ஆனால் வட்ட மேடுகள் பலவற்றில் இருப்பது எரித்த எலும்பும் சாம்பலும். புதைத்தல் பாதிக் கதைதான்.

என் தேர்வு 'ஈமமேடு'. ஈமம் முதலில் பிணம் சுடும் விறகையும் சுடலையையும் குறித்த சொல் என்றாலும், ஈமச்சடங்கு, ஈமச்சின்னம் என்று வரும்போது எரிப்பு, புதைப்பு இரண்டையும் தாங்குகிறது. நீள் ஈமமேடு, வட்ட ஈமமேடு என்று பிரிக்கலாம். கவிழ்த்த கிண்ணம் போன்றதைக் கிண்ண ஈமமேடு என்றால் குழப்பம் இல்லை. ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றி நூற்றுக்கணக்கான மேடுகளும் நீண்ட வரப்புகளும் அகன்ற பாதையுமாகப் பரந்திருக்கும் மொத்த வெளிக்குச் 'சடங்கு நிலம்' போதும்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்: அதே வில்ட்ஷயரில் இருக்கும் சில்பரி ஹில். 30 மீட்டருக்கு மேல் உயரம், மனிதர் எழுப்பியது. பலமுறை குடைந்தும் சவக்குழி எதுவும் அகப்படவில்லை. அதற்கு நம்மிடம் பழைய சொல் தயாராக இருக்கிறது: செய்குன்று.