தாம்பாளத்து நீரும் வாளி நீரும்

“எங்களுடையது கல்வீடு, காற்றுக்கு அசையாது. பிறகேன் சூறாவளி என்றதும் எங்களை முதலில் வெளியேறச் சொல்கிறார்கள்?” என்று யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காற்றுக்காக அல்ல, கடலுக்காக. 1970இல் கிழக்கு வங்காளத்தைத் தாக்கிய போலா புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது ஏறி வந்த கடல்தான்.

தாழமுக்கம் உருவாவதும் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதும் பள்ளிக்கூடத்தில் படித்தவை. கடல் ஏன் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீற்றர்தான். மிச்சத்தைச் செய்வது காற்று.

ஒரு தாம்பாளத்தில் மெல்லிய படலமாகத் தண்ணீர் விட்டு, ஒரு பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். நீர் எதிர்விளிம்பில் குவியும், உங்கள் பக்கத்தில் அடித்தட்டு பளிச்சென்று தெரியும். அதே மூச்சை நிறைந்த வாளியின் மேல் ஊதினால் சிற்றலைதான் எழும். காற்று தள்ளும்போது நீர் சரிந்து நிற்கிறது, சரிந்த நீர் தன் பாரத்தால் திருப்பித் தள்ளுகிறது. ஆழமான இடத்தில் மேலிருந்து அடிவரை முழு நீரும் சேர்ந்து எதிர்ப்பதால் மிகச் சிறிய சரிவே காற்றைச் சமாளித்துவிடும். ஆழம் பத்திலொன்றானால் சரிவு பத்து மடங்காக வேண்டும். மணிக்கு 144 கிலோமீற்றர் வேகக் காற்று 50 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரே திசையில் வீசுகிறது என்று வைத்து நான் கணக்குப் போட்டேன். 100 மீற்றர் ஆழக் கடல் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் ஏறுகிறது. 10 மீற்றர் ஆழக் கடலோ இரண்டு மீற்றர்! இத்தனை எளிய விதி இத்தனை பெரிய வேறுபாட்டைத் தருவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அது வாளி. பாக்கு நீரிணையும் யாழ்ப்பாணக் கடனீரேரியும் தாம்பாளங்கள். ஆழ்கடல், பரவைக்கடல் (ஆழங்குறைந்த கடல்) என்று எங்கள் கடற்றொழிலாளர் பிரித்துச் சொல்வதில் இந்த வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

புயலின் மையம் கடந்து போகும்போது காற்றின் திசையும் மாறும். ஒரு கரையில் வற்றியிருந்த நீர் அதே கரைக்குத் திரும்பி வரும். அதனால் கடல் உள்வாங்கிவிட்டது, காற்றும் ஓய்ந்துவிட்டது என்று வள்ளத்தைப் பார்க்கக் கரைக்குப் போகவே கூடாது. எங்கள் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்த நம்பிக்கையில்தான் கடலை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம்.

தலைமன்னாருக்கு எதிரே இருந்த தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் ஓரிரவில் அழிந்தது. பயணிகளோடு ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதைத் தெய்வக் குற்றம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தெய்வக் குற்றம் என்று முடித்துவிட்டால் கடலின் ஆழத்தை அளக்கப் பணம் கேட்க யாருக்கும் தோன்றாது. கடனீரேரியின் ஒவ்வொரு வாய்க்காலையும் அளந்து, எந்தப் புயலுக்கு எந்த ஒழுங்கையில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டும். காற்றின் வேகத்தைச் சொன்னால் குருநகர்த் தாய்க்கு என்ன விளங்கும்? “உங்கள் வாசற்படிக்கு மேல் இடுப்பளவு” என்று சொன்னால் அவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றைக் கவனியுங்கள். வற்றாத ஆறில்லாத எங்கள் மண்ணில் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் புகுந்த கிணற்றை மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருக்கும் உவர்நீரும் மேலேறி வந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகும் கிழக்குக் கரையோரக் கிணறுகளுக்கு இந்த எச்சரிக்கையே தரப்பட்டது. சிறிது சிறிதாக இறையுங்கள், மீதியை அடுத்த மாரி மழை கழுவிக் கொடுக்கும்.