முதலில் மாத்திரை, பிறகு மற்றவை: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரக் கணக்கும்

அண்மையில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். ஆணுறை கிழிந்துபோய் அன்றோடு ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலையிலேயே ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டார். இப்படி ஆன பிறகும் தொற்றாமல் இருக்கச் சாப்பிடும் தடுப்பு மாத்திரை என்று ஒன்று இருப்பதாக நண்பர் ஒருவர் பிறகு சொல்லவே, எதற்கும் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார். அதைத் தொடங்கியிருக்க வேண்டிய 72 மணி நேரம் இரண்டு நாட்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்துடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு மாத்திரை?"

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் ஊசி குத்திக்கொண்ட செவிலியர் பயிற்சி மாணவி கேட்டிருக்கிறார். மருத்துவக் கழிவுப் பையைத் தூக்கும்போது கையைக் கிழித்துக்கொண்ட தூய்மைப் பணியாளர் கேட்டிருக்கிறார். பாலியல் வன்முறைக்கு உள்ளான மகளை அழைத்து வந்த தாய் கேட்டிருக்கிறார். வேதனை என்னவென்றால், அவர்களில் சிலரை "முதலில் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், பிறகு யோசிக்கலாம்" என்று திருப்பி அனுப்பியவர்கள் மருத்துவம் படித்தவர்கள். ஆகவே இதை ஒருமுறை விரிவாக எழுதிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

சம்பவம் நடந்த மறுநாள் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனை அந்தச் சம்பவத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் செய்யப்படும் விரைவுப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தென்படும் அளவுக்கு உருவாக வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதங்கள்வரை ஆகலாம். கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுகிற நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்குக் கூட 18 முதல் 45 நாட்கள் வரை தேவை. கிருமியின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடும் விலை உயர்ந்த பரிசோதனையும் முதல் பத்து நாட்களுக்குள் நம்பத்தக்க விடையைத் தராது. எவ்வளவு பணம் செலவழித்தாலும், எந்த நகரத்தின் எவ்வளவு பெரிய ஆய்வகத்துக்குப் போனாலும், முதல் நாளில் கிடைக்கும் 'நெகட்டிவ்' என்பது நேற்று விதைத்த வயலை இன்று காலை பார்த்துவிட்டு முளை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் மாத்திரை தொடங்கும்போது ரத்தம் எடுப்பது எதற்கு? அந்தச் சம்பவத்துக்கு முன்பே உங்களுக்குத் தொற்று இருந்ததா என்பதை அறிவதற்காக மட்டுமே. இருந்தால் உங்களுக்கு வேண்டியது தடுப்பு மருந்து அல்ல, முழுமையான சிகிச்சை. அந்த முடிவு வரும்வரை முதல் மாத்திரையை நிறுத்தி வைக்கவே கூடாது. எதிர்த்தரப்பினரின், அதாவது யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று அஞ்சுகிறோமோ அவரின், ரத்த முடிவுக்காகக் காத்திருப்பதும் இதே தவறுதான். அவருடைய முடிவு நாளை வந்து, அவருக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால், நாளை மருந்தை நிறுத்திக்கொள்ளலாம்; ஒரு வேளை மாத்திரை வீணாகும், அவ்வளவுதான். அவருக்குத் தொற்று இருந்து, நீங்கள் காத்திருந்துவிட்டால், இழந்த மணி நேரங்களை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது.

72 மணி நேரம் என்பதையும் அவகாசம் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது கடைசி எல்லை. நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் சொல்வது, இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்பது. 1990-களில் குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், 24 மணி நேரத்துக்குள் டெனோஃபோவிர் தொடங்கி 28 நாட்கள் பெற்றவை தப்பின; தாமதமாகத் தொடங்கப்பட்டவற்றிலும் சில நாட்களிலேயே மருந்து நிறுத்தப்பட்டவற்றிலும் பலவற்றுக்குத் தொற்று ஏற்பட்டது. மனிதர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்து கொடுத்து, மறுபிரிவினருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது அறமாகாது என்பதால் அத்தகைய சோதனை இப்போது நடத்தப்படுவதில்லை. ஆனால் ஊசிக்குத்துக்கு உள்ளான மருத்துவப் பணியாளர்களைப் பின்னோக்கி ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வு, ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 81 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. இன்று நாம் தருவது அதைவிட வலுவான மூன்று மருந்துகளின் கூட்டு.

டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. நாள்தோறும் ஒன்று வீதம் 28 நாட்கள் சாப்பிட வேண்டும். பழைய மருந்துகள் தந்த வாந்தியையும் சோர்வையும் கேள்விப்பட்டு இன்னும் அஞ்சுபவர்கள் உண்டு. இப்போதைய மாத்திரையைப் பெரும்பாலோர் எளிதாகத் தாங்கிக்கொள்கிறார்கள். லேசான குமட்டலோ தலைவலியோ வரலாம். தூக்கம் கெட்டால் காலையில் சாப்பிடுங்கள். வயிற்றெரிச்சலுக்காக அலுமினியமோ மக்னீசியமோ உள்ள அமில முறிவு மருந்தைக் குடிப்பவர்கள், இந்த மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் போதிய அளவு சேராது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் அல்லது காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அளவை மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். பத்து நாட்கள் சாப்பிட்டுவிட்டு, "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிறுத்திவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பு நன்றாக இருப்பதற்கும் தொற்றைத் தடுத்துவிட்டோம் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். ஊசி குத்தியதும் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்துச் சப்பாதீர்கள், பிளீச்சிங் கரைசலில் முக்காதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் போதும். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரை செல்லக்கூடும். எச்.ஐ.வி.க்காக நடுங்குபவர்கள் பலர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடிக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் வார்டுகளில் அது தொடர்கிறது. மஞ்சள் கழிவுப் பையில் எறியப்பட்ட ஊசியோ கடைசியில் யார் கையைக் குத்துகிறது? பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளரின் கையை. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் அதை யாரிடமும் சொல்வதுமில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பணியின்போது இத்தகைய ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும் பயிற்சியும், ஆபத்துக்கு உள்ளானவர்களுக்குத் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று அது சொல்கிறது. மாத்திரை கையிருப்பில் இருந்தும், அலமாரியின் சாவி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்ததால் திங்கட்கிழமை காலைவரை காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மருந்து இருக்க வேண்டிய இடம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் நிலை இன்னும் கொடியது. காவல் நிலையத்தில் புகார் எழுதி, அங்கிருந்து அனுப்பி, மருத்துவமனையில் சான்றுகள் சேகரித்து முடிப்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிடுகிறது. தடுப்பு மருந்து என்ற பேச்சே எழாமல் போகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அவர்களுக்கு உடனடி இலவச சிகிச்சை அளித்தே ஆக வேண்டும். காவல் துறைக்குத் தெரிவிப்பதும் மருத்துவமனையின் பொறுப்பே. ஆகவே உறவினர்களே, தயவுசெய்து முதலில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, அவசரக் கருத்தடை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, பிற பால்வினை நோய்களுக்கான மருந்து ஆகியவற்றை மருத்துவமனையினர் தாமாகத் தராவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். குழந்தைகளுக்கும் எடைக்கு ஏற்ற அளவில் இந்த மருந்து உண்டு.

கொசுக்கடிக்கும், எச்.ஐ.வி. உள்ளவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டதற்கும், காயமில்லாத தோலில் ரத்தம் பட்டதற்கும் இந்த மருந்து தேவையில்லை. முறையாக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே தொடரும் ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை என்பதும் உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. அத்தகைய கணவனோ மனைவியோ உள்ளவர்கள் பதறத் தேவையில்லை. துணைவருடைய ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவைச் சொல்லும் கடைசி வைரல் லோடு அறிக்கையோடு வந்தால் போதும்.

ஆணுறை கிழிந்தது, குடித்திருந்ததால் நினைவில்லை என்று ஒருவரே மீண்டும் மீண்டும் வருவதுண்டு. அவருக்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் 28 நாள் மருந்து அல்ல. ஆபத்துக்கு முன்பே சாப்பிடும் தடுப்பு மாத்திரை. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த அந்த மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதிக ஆபத்தில் இருக்கும் அனைவருக்கும் அதைப் பரிந்துரைக்கலாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவுக்கான வழிகாட்டு நெறிகள் 2022-இல் வந்தன. தொற்று இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். சம்பவத்துக்குப் பிந்தைய மருந்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். ஏற்கெனவே தொற்று உள்ளவர் இந்த இரண்டு மருந்துகளை மட்டும் சாப்பிட்டால் கிருமி அவற்றுக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையும் அவ்வப்போது சிறுநீரகப் பரிசோதனையும் தேவை. ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் தாமாக இதை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரெனத் தீவிரமாகலாம். மேகப்புண்ணையும் வெட்டை நோயையும் இந்த மாத்திரை தடுக்காது. ஆணுறைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போடப்பட்டு, அவர்களில் ஒருவருக்குக் கூடத் தொற்று ஏற்படவில்லை என்ற முடிவு 2024-இல் வந்தது; 2025 ஜூனில் அமெரிக்காவில் அதற்குத் தடுப்பு மருந்தாக ஒப்புதலும் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் அந்த எண்களைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

"இந்த மாத்திரையைக் கொடுத்தால் தவறு செய்ய ஊக்குவித்ததாகாதா?" என்று என் சக மருத்துவர்களே கேட்கிறார்கள். நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புக் கேட்டு வரவில்லை. யாரோடு, ஏன், எத்தனை முறை என்ற விசாரணையை முதல் மாத்திரை உள்ளே போன பிறகு, ஆபத்தைக் கணிக்கத் தேவையான அளவுக்கு மட்டும், கதவை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒருமுறை அவமானப்பட்டவர் அடுத்த முறை 72 மணி நேரத்துக்குள் வர மாட்டார்.

மருந்தை முடித்தவர்கள் சம்பவம் நடந்ததிலிருந்து ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் ஆகிய வேளைகளில் பரிசோதனைக்கு வர வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம். ரத்த தானம் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டும் என்பதையும் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அரசின் இலவச விநியோகம் பணியிட விபத்துக்கும் பாலியல் வன்முறைக்கும் முன்னுரிமை தருவதால், வேறு காரணத்துக்காக வந்தவருக்கு அங்கே மாத்திரை கிடைக்காமல் போகலாம். அப்போது மருந்துச் சீட்டை எழுதித் தரும்படி கேட்டு, உடனே வெளியே வாங்கிச் சாப்பிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.