வெயிலில் போகாதவருக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வரும்

கோடை வந்தால் நாம் எல்லோரும் செய்தியில் தேடுவது ஒரே எண்ணைத்தான். இன்று சதம் அடித்ததா, இல்லையா? பொது மருத்துவராக நான் முதலில் பார்ப்பது வேறு எண்: நேற்று இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை.

1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024. 1991–2020 சராசரியைவிட 0.65 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்றது இந்திய வானிலை ஆய்வுத் துறை. இவ்வளவுதானா என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். பகலின் அதிகபட்சம் கூடியது 0.20 டிகிரி, இரவின் குறைந்தபட்சம் கூடியது 0.90 டிகிரி.

காற்றில் ஏறிக்கொண்டே போகும் கரியமில வாயுவும், சூடான காற்று சுமக்கும் கூடுதல் ஈரப்பதமும், தரை இரவில் வெளிவிடும் வெப்பத்தை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கின்றன. பகலில் தூசியும் புகையும் வெயிலில் ஒரு பங்கையாவது மறைக்கும். இரவில் அதற்கு வழியில்லை. நகரத்தில் கேட்கவே வேண்டாம், பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் விடிய விடிய அதைக் கக்குகிறது.

ஒரு மே மாதக் காலையில், எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். உளறல், கொதிக்கும் தோல், வியர்வையே இல்லை. “வெயில்லயே போகலை டாக்டர், வீட்டுக்குள்ளதான் படுத்திருந்தாரு” என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கொசுவுக்குப் பயந்து மூடிய ஜன்னல், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர். இரவு உடம்பு சுட்டதும் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். பாவம், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஏறிய வெப்பத்தைப் பாராசிட்டமால் இறக்காது.

பகலில் சேர்ந்த வெப்பத்தை உடல் இறக்கி வைப்பது இரவில்தான். அதற்காக இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. இரவும் சூடாகவே இருந்தால் அந்த இதயத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை. இப்படி நாலைந்து இரவுகள் தொடர்ந்தால் முதியவர்கள், இதய, சிறுநீரக நோயாளிகள், மனநல மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் சரிகிறார்கள்.

அதனால் சாயங்காலமே வேலையைத் தொடங்குங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் ஜன்னல்களைத் திறங்கள்; கொசுவுக்கு வலை அடியுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்களை இன்னொரு அறைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் பகலிலேயே சூடு குறையும். அறை அனலாக இருக்கும்போது வெறும் மின்விசிறி சூடான காற்றைத்தான் வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக் காற்று வாங்கினால் பலன் உண்டு. நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கோடையில் அளவை மாற்ற வேண்டுமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் மார்ச் மாதமே கேட்டுவிடுங்கள்.

உடல் கொதித்து, பேச்சு தடுமாறினால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டு நீரும் விடக் கூடாது.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அக்குளில் வைத்த வெப்பமானி இந்த நோயாளிகளிடம் ஏமாற்றும். ஆசனவாய் வழியாக அளந்து, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எந்தக் கூரையின் கீழ் படுத்திருந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அது எழுதப்படாவிட்டால், வீட்டுக்குள் நேர்ந்த வெப்ப மரணம் வெறும் மாரடைப்பாகவே கணக்கில் போய்விடும்.