வரிப் பதிவு எண் கடை நடத்த அனுமதி ஆகாது

இந்த மாதத்தில் உரிமச் சிக்கலோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இந்தத் தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் போன வாரம் ஓடி வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, அடியில் நான்காக மடித்த உள்ளாட்சி நோட்டீஸ். குடியிருப்புக்கு அனுமதி பெற்ற கட்டடத்தில் உரிமம் இல்லாமல் தொழில் நடத்துகிறீர்கள், ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஆறு தையல் இயந்திரம் வாங்கிப் போட்டு, சுவருக்கு வண்ணம் அடித்து, இரண்டு பேரை வேலைக்கும் வைத்து எண்ணி எழுபது நாள்தான் ஆகிறது.

“சார், எங்கிட்டதான் வரி நம்பர் இருக்கே?” என்று அந்தச் சான்றிதழை மேசைமேல் எடுத்து வைத்தார்.

சிறு தொழில்காரர்களுக்கு உள்ளாட்சி உரிமம் எடுத்துத் தருவதுதான் என் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இன்னொரு முறை சொல்கிறேன். வரிப் பதிவு என்பது அரசுக்குச் சேர வேண்டிய வரியைக் கட்டுவதற்கான கணக்கு, அவ்வளவுதான். உங்கள் கடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கழிவுநீர் எங்கே போய் விழுகிறது, மேல்மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் துறைக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது உள்ளாட்சி. நிறுவனப் பதிவு உங்கள் தொழிலுக்குப் பெயரும் சட்ட உருவமும் தரும். இந்த இடத்தில் நடத்தலாம் என்று சொல்லாது. மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றியதும் அனுமதி ஆகாது. “சொத்து வரியை வணிகக் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்களே” என்பார்கள். என்ன நடக்கிறது என்று பார்த்து வரி போடுவது வேறு, அது நடக்கலாம் என்று அனுமதிப்பது வேறு. முன்பு இங்கே வேறொருவர் கடை வைத்திருந்தார் என்ற பேச்சும் எடுபடாது. அவர் வாங்கிய உரிமம் பெரும்பாலும் அவர் பெயரோடு முடிந்துவிடும். அவர் உரிமமே வாங்காமல் நடத்தியும் இருக்கலாம்.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1911-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. அந்தத் தீயில் 146 பேர் இறந்தார்கள். அவசர வழியில் துணிக் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பவரைப் பார்த்தால் நானே சத்தம் போடுவேன்.

ஆனால் அதே விதி பெரிய நிறுவனத்தையும் சிறு கடையையும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஆள் இருக்கிறார். சிறு கடைக்காரர் கடையை அடைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். கட்டடப் பயன்பாட்டு அனுமதித் தாள் வராமல் சுகாதாரச் சான்று நகராது, அது வராமல் உரிமம் நகராது. வாடகை மட்டும் நிற்காமல் ஏறும்.

அதிகாரம் ஒருவர் விருப்பத்துக்கு விடப்பட்டால் என்ன ஆகும் என்பதும் பழைய கதைதான். மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்துபவர் நகர மன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோவில் 1880-ல் விதி வந்தது. தீப்பிடிக்கும் என்பது காரணம். படித்தால் நியாயமாகவே இருக்கும். விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுத்தார்கள். மற்றவர்கள் சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் கொடுத்தார்கள். யிக் வோ என்ற கடை அதே இடத்தில் 22 ஆண்டுகள் நடந்தது. தீயணைப்பு, சுகாதார அதிகாரிகளின் சான்றும் அதனிடம் இருந்தது. அப்படியும் அனுமதி இல்லாமல் நடத்தினார் என்று அதன் உரிமையாளரைச் சிறையில் போட்டார்கள். விதியின் வாசகம் நடுநிலையாக இருந்தாலும் பாகுபாட்டோடு அமல்படுத்தியது செல்லாது என்று 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்கு அனுமதி, யாருக்கு மறுப்பு என்பது பதிவில் இருந்ததால்தான் அதை நிரூபிக்க முடிந்தது. அதனால்தான் வாய்மொழியாக “முடியாது” என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பெரும்பாடு.

மற்றதெல்லாம் இடம் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. அந்தக் கட்டடம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது என்ற தாளை உரிமையாளரிடம் கேட்டு உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் வாயால் சொன்னதை நம்பாதீர்கள். உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்; அதை எழுத மறுப்பவரின் இடம் உங்களுக்கு வேண்டாம். பெயர்ப் பலகைக்குத் தனி அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உரிமம் கைக்கு வந்த பிறகு, அதைப் புதுப்பிக்கும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தையல்காரர் பெயரில் விளக்கக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கியாகிவிட்டது. குடியிருப்புக் கட்டடத்தில் தொழில் நடத்த அனுமதி கேட்கும் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பத்தில் கட்டட உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் இதுவரை போனை எடுக்கவில்லை.