நாலாவது வாரத்தில் ஆடுகிற இம்பிளான்ட்

போன வாரம் ஒருவருடைய தாடையிலிருந்து இம்பிளான்டை விரலாலேயே சுழற்றி எடுத்தேன். கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கு வலியும் இல்லை. பல்லின் வேருக்குப் பதிலாக எலும்புக்குள் இறக்கிய டைட்டானியம் திருகு, 25 நாளில் கையோடு வந்துவிட்டது. அதைத் தட்டில் வைத்ததும் அவர் கேட்டது: "டாக்டர், இது சொரசொரப்பு ரகம்தானே? எலும்பு உடனே பிடிச்சுக்கும்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்களே?"

இதே கேள்வி என் காதில் விழுவது இந்த வருடத்தில் நாலாவது தடவை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருக்க இனிமேல் எனக்குப் பொறுமை இல்லை. எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் இல்லாத இடத்தில் இம்பிளான்ட் வைத்து, மேலே ஈறு ஆறுவதற்கான சின்ன மூடியைப் போட்டு அனுப்பினேன். அவரிடம் ஏற்கெனவே கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று இருந்தது. நான் சொல்லும்வரை அதைப் போடாதீர்கள், அந்தப் பக்கம் மெல்லாதீர்கள் என்று வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். பத்து நாள் பொறுத்தார். வீக்கம் வடிந்தது, வலி போனது, எங்கேயோ ஒரு விளம்பரத்தைப் பார்த்தார், செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மெல்லும்போதெல்லாம் செட்டின் அடிப்பாகம் அந்த மூடியின் மேல் உட்கார்ந்து இம்பிளான்டை ஆட்டியிருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. தெரியவும் தெரியாது.

சரி, சொரசொரப்புக்கு வருவோம். எலும்பு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று இம்பிளான்டின் மேற்பரப்பை வழவழப்பாக விடாமல் சொரசொரப்பாக்குகிறார்கள், அதைத்தான் சொல்கிறார்.

பெரும்பாலானோர் மனதில் இருக்கும் படம் கொத்தனார் வேலை. பூச்சு பூசுவதற்கு முன் வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்திவிடுவார்கள், அப்போதுதான் கலவை பிடிக்கும். இந்த உவமையை என்னிடமே ஒரு கொத்தனார் சொல்லியிருக்கிறார், பாதி சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். தப்பான பாதி எது என்றால், சுவரில் கலவையை நாம் கொண்டுபோய் அப்புகிறோம். தாடைக்குள் நான் எந்தக் கலவையையும் அப்புவதில்லை. இம்பிளான்டைத் திருகி முடிக்கும் நேரத்தில் அதைச் சுற்றி இருப்பது பழைய எலும்பும் கொஞ்சம் ரத்தமும்தான். கலவையை உங்கள் உடம்பு இனிமேல்தான் தயாரிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சொரசொரப்பு அந்த வேலையைச் சுறுசுறுப்பாக்கும், அவ்வளவுதான். அதில் பசையும் இல்லை, முள்ளும் இல்லை.

முள் என்றதும் நினைவுக்கு வருகிறது. "கையில வச்சா குத்துமா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு. குத்தாது. நாங்கள் சொல்லும் சொரசொரப்பின் மேடு பள்ளம் சராசரியாக 1 முதல் 2 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மங்கலான சாம்பல் நிறம். அதைப் பார்த்து "பளபளன்னு இல்லையே, பழசா?" என்று சந்தேகப்பட்ட குடும்பமும் உண்டு. அந்த மங்கலுக்காகத்தான் அத்தனை வேலை. கடினமான துகள்களை வேகமாக உலோகத்தின் மேல் பீய்ச்சியடித்து, அப்புறம் அமிலத்தில் இட்டு அரித்து எடுக்கிறார்கள். மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக வளர்க்கிற முறையும் உண்டு. பழுதான சரக்கு இல்லை, நம்புங்கள்.

இன்னொன்று, இந்தச் சொரசொரப்பு இல்லாமலும் எலும்பு பிடிக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கூட்டைத் திரும்ப எடுக்கப் பார்த்தால், எலும்பு விடவில்லை. அங்கே தொடங்கியது எல்லாம். 1965இல் முதல் நோயாளிக்குத் தாடையில் வைத்தார். அந்தக் கால இம்பிளான்ட்கள் கடைசல் இயந்திரத்தில் கடைந்து எடுத்தவை, இன்றைய ரகங்களோடு ஒப்பிட்டால் வழவழப்பானவை. அவை பல பத்தாண்டுகள் வாயில் நின்றன. ஆனால் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்று காத்திருந்த பிறகுதான் மேலே பல் கட்டினார்கள். சொரசொரப்பான பரப்பு வந்த பிறகு, நல்ல எலும்பில் இந்தக் காத்திருப்பு 6 முதல் 8 வாரமாகக் குறைந்தது. சில ரகங்களில் இன்னும் கொஞ்சம் குறையும். மூன்று மாதம் ஆறு வாரமாகிறது என்பது பெரிய வரம்தான். அதைப் பூஜ்யம் வாரம் என்று படித்துக்கொள்வது யாருடைய தப்பு? விளம்பரம் எழுதுகிறவர்களுடைய தப்பும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் எல்லாரும் அந்த மூன்றாவது, நாலாவது வாரத்திலேயே வந்து நிற்கிறார்கள்? வைத்த அன்று இம்பிளான்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். மரத்தில் திருகாணி இறுகுவது போன்ற இறுக்கம் அது, எலும்பு வளர்ந்து வந்த பிடி இல்லை. அடுத்த நாட்களில் உடம்பு, துளையிட்டபோது நசுங்கிய எலும்பை மெல்ல அரித்து எடுக்கிறது. அதனால் பழைய இறுக்கம் இறங்கிக்கொண்டே வரும். புது எலும்பு உருவாகிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இன்னும் பச்சை. பழையது போய், புதியது முழுசாக வராத அந்த இடைவெளி பெரும்பாலும் மூன்றாவது நாலாவது வாரத்தில் விழுகிறது. இறுக்கத்தை அதிர்வு மூலம் அளக்கிற கருவி ஒன்று எங்களிடம் உண்டு. பல பேருக்கு அந்த வாரங்களில் எடுத்த எண் வைத்த அன்று எடுத்ததைவிடக் குறைவாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், நோயாளி தன்னை முழு ஆரோக்கியமாக உணர்வதும் அதே வாரங்களில்தான். வலி இல்லை, வீக்கம் இல்லை, கடித்துப் பார்க்கலாமே என்று தோன்றும்.

கடித்தால்? இம்பிளான்ட் எலும்புக்குள் சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால், உடம்பு அங்கே எலும்பு கட்டுவதை விட்டுவிட்டு நார்த் திசுவைக் கட்டத் தொடங்கிவிடும். 150 மைக்ரான் என்பது இரண்டு தலைமுடியின் தடிமன். நாக்கால் தடவிப் பார்த்தால் தெரியாது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. நார் ஒருமுறை உறையாகச் சூழ்ந்துவிட்டால் எவ்வளவு உயர்ந்த சொரசொரப்பும் அதைத் திரும்ப எலும்பாக்காது. எடுத்துவிட வேண்டியதுதான்.

"அப்படியானால் ஒரே நாளில் பல் வைக்கிறார்களே?" வைக்கிறார்கள், நானும் வைக்கிறேன். எல்லாருக்கும் இல்லை. எலும்பு கெட்டியாக இருந்து, வைக்கும்போதே போதிய இறுக்கம் கிடைத்து, பல இம்பிளான்ட்களை ஒரே சட்டத்தில் சேர்த்துப் பூட்டும்போது அசைவு அந்த அளவைத் தாண்டாது. ஒற்றைப் பல்லாக இருந்தால், எதிர்ப்பல் அதன் மேல் படாதபடி தாழ்த்திவைப்போம். அது சிரிப்பதற்குத்தான், மெல்வதற்கு இல்லை. அவர்களும் சில வாரங்களுக்கு மென்மையான உணவுதான் சாப்பிட வேண்டும். விளம்பரத்தில் அந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது.

அடுத்த கேள்வி வழக்கமாக, "இன்னும் அதிகச் சொரசொரப்பு இருக்கிறதா?" என்பது. 2 மைக்ரானுக்கு மேல் போவதால் பல் இம்பிளான்டில் எலும்பு கூடுதலாக மகிழ்ந்துபோவதில்லை. என் எலும்பு மூட்டு மருத்துவ நண்பர் இந்தப் பேச்சு வந்தாலே எக்ஸிடர் கதையை எடுப்பார். இங்கிலாந்தின் எக்ஸிடரில் 1970இல் உருவான செயற்கை இடுப்பு மூட்டின் தண்டு, தொடை எலும்பில் நிரப்பும் மருத்துவச் சிமெண்டுக்குள் நிற்கும் வகை, பளபளப்பாக இருந்தது. 1976இல் அதன் பரப்பை மங்கலாக்கினார்கள். தளர்ந்து வந்தவை அதிகமாயின. 1986இல் பழையபடி பளபளப்புக்கே திரும்பினார்கள். சிமெண்டோடு வாழும் உலோகத்துக்கு வழவழப்பு, எலும்போடு நேரடியாக வாழும் உலோகத்துக்குச் சொரசொரப்பு. முறிவுக்குப் போட்டு, கூடியபின் எடுக்கப்போகும் தகட்டுக்கு எலும்பு ஒட்டிக்கொண்டால் தொல்லைதான், எடுக்கப் போராட வேண்டியிருக்கும். எந்த இடத்துக்கு எது என்பதை உங்களுக்கு வைப்பவர் முடிவு செய்யட்டும்.

இனி நான் அதிகம் பயப்படுகிற விஷயம். எலும்பு செல்லுக்குப் பிடித்த அதே மேடு பள்ளம் கிருமிக்கும் பிடிக்கும். சொரசொரப்பான பகுதி எலும்புக்குள் மூடிக்கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, திருகின் மரை வாய்க்குள் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பரப்பைச் சுத்தம் செய்வது எங்களுக்கே பெரும்பாடு. இயற்கைப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலம் உண்டு, அழுத்தம் வந்தால் உணர்த்தும். இம்பிளான்டுக்கு அது கிடையாது. பாதி எலும்பு கரைந்த பிறகும் கல் மாதிரி நிற்கும், வலிக்காது. "வலிக்கலையே டாக்டர், அதான் வரல" என்று மூன்று வருடம் கழித்து வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும்.

ஆகவே, துலக்கும்போது இம்பிளான்டைச் சுற்றி ரத்தம் வந்தால் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கெட்ட வாடை, சீழ், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் வாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள். இடுக்கில் போகிற சின்ன பிரஷ் கொடுத்தால் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

புகை. இதைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது. முதல் இரண்டு மாதமாவது விடுங்கள். முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், இம்பிளான்ட் வேண்டுமா என்றே யோசிப்போம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

எலும்பு அடர்த்தி குறைந்ததற்காக வருடத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டுக்கொள்பவர்கள் தயவுசெய்து அதைச் சொல்லுங்கள். "பல்லுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்களே தீர்மானித்து மறைத்துவிடாதீர்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கக் கூடியவை. என்னிடம் வருவதற்காக அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உள்ள மருந்தும் அதில் உண்டு. நானும் அந்த மருத்துவரும் பேசிக்கொள்கிறோம்.

இதை இளைய மருத்துவர்கள் யாராவது படித்தால், உங்களுக்கும் இரண்டு வார்த்தை. குழி தயாரான பிறகு இம்பிளான்ட் இருக்கும் குப்பியைத் திறங்கள். அந்தப் பரப்பைக் கையுறையால் தொடாதீர்கள், எச்சில் படவிடாதீர்கள். துளையிடும்போது தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். எலும்பு 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட ஆரம்பிக்கும், வெந்த எலும்பில் எந்தக் கம்பெனியின் எந்தப் பரப்பும் வேலை செய்யாது. இம்பிளான்ட் கழன்றால் நோயாளி ஒவ்வொரு முறையும் தன் செட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மனிதருக்குக் குழியைச் சுத்தம் செய்து விட்டிருக்கிறேன். எலும்பு நிறைய மூன்று மாதமாவது ஆகும், அப்புறம் படம் எடுத்துப் பார்த்து மறுபடி வைக்க வேண்டும். கிளம்பும்போது, "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சொரசொரப்பானதா போடலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய செட்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.